மழைக்கு முன் வெட்டும் வாய்க்கால்



ஐப்பசியும் கார்த்திகையும் நம் கடலோரப் பங்குகளிலும் ஆற்றுப்படுகைப் பங்குகளிலும் கடினமான மாதங்கள். மழை பிடித்துக்கொண்டால் கூலி வேலை இல்லை. கடல் கொந்தளித்தால் படகுகள் கரையிலேயே நிற்கின்றன. அதே வாரங்களில்தான் காய்கறி விலையும் ஏறுகிறது. வயலில் தண்ணீர் நிற்பதால் காய் வரத்து குறைகிறது, வந்ததும் சீக்கிரம் அழுகுகிறது. கையில் காசு இல்லாத நேரமும் காய் விலை உச்சத்தில் நிற்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. நவம்பரில் வீடு சந்திக்கப் போகும் எந்தக் குருவானவரும் அடுப்பில் ரசமும் கருவாடும் மட்டும் இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பார். வளரும் பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் வீடுகளிலும் அதே நிலைதான். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. மழைக்காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் அதில் கால்வாசிகூடத் தேறுவது அரிது.

இந்த இரண்டு மாதங்களிலும் நம் கொல்லையிலிருந்தே ஓரளவு காய் கிடைக்க வழி உண்டா? உண்டு. ஆனால் அதற்கான வேலை மழை வந்த பிறகு தொடங்குவதல்ல. முதல் மழையில் மண் வாசனை எழுந்ததும் பலருக்குத் தோட்ட ஆசை பிறக்கிறது. கடைக்கு ஓடி விதைப் பொட்டலம் வாங்கி, பாத்தி கட்டாமலேயே தூவிவிடுகிறோம். அடுத்த மழையில் விதை ஒரு மூலையில் ஒதுங்குகிறது. முளைத்த சில செடிகளும் தண்ணீரில் நின்று அழுகிவிடுகின்றன. 'நம் கைக்கு எதுவும் வராது' என்று மனம் சோர்ந்துவிடுகிறது. கையில் குறையில்லை. நாள்தான் தவறிவிட்டது.

மேலை நாட்டுத் தோட்ட நூல்களில் இலையுதிர் காலம் என்பது முடிவின் காலம். அங்கே உறைபனி வருமுன் அறுவடையை முடித்துத் தோட்டத்தை மூடிவிடுவார்கள். வெப்ப நாடுகளில் அது தொடக்கத்தின் காலம். கோடையின் கொடுமை தணிந்து, மழை வந்து, செடிக்கு மூச்சு வரும் காலம். திருவிவிலியம் பிறந்த நாடும் இதில் நம் பக்கம்தான். பாலஸ்தீனத்தில் முன்மாரி தொடங்குவது ஏறக்குறைய அக்டோபர், நவம்பர் மாதங்களில். அந்த மழையை ஒட்டித்தான் அங்கே விதைப்பு. விதைப்பவர் உவமையை (மத் 13:3-9) வாசிக்கும்போது, ஆண்டவர் கண்முன் கொண்ட உழவர் நம் ஐப்பசி உழவரைப் போன்றவர் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இணைச்சட்ட நூலில் ஓர் அழகான ஒப்பீடு உண்டு (இச 11:10-11). எகிப்தில் நீங்கள் காய்கறித் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல் காலால் உழைத்துத் தண்ணீர் பாய்ச்சினீர்கள்; நீங்கள் போகவிருக்கும் நாடோ வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்கிறார் மோசே. நம் காவிரிப் படுகை எகிப்தும் கானானும் சேர்ந்த நாடு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 முதல் நாம் எகிப்தியர். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இஸ்ரயேலர். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. அந்தப் பாதியும் சீராகப் பெய்வதில்லை. பத்து நாள் வெயில் அடித்துவிட்டு இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கும். ஆகவே மழைக்காலத் தோட்டத்தின் முதல் கேள்வி தண்ணீரை எப்படிப் பாய்ச்சுவது என்பதல்ல, எப்படி வெளியேற்றுவது என்பதே. செடியின் வேரும் மூச்சு விடுகிறது. களிமண்ணில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே கத்தரியும் மிளகாயும் வாடிப்போகும். தண்ணீரில் நிற்கும் செடி ஏன் வாடுகிறது என்று குழம்பி, மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்!

இங்கே எலிசா இறைவாக்கினரின் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரலாம். மறையுரைகளில் நாம் அதிகம் தொடாத பகுதி இது (2 அர 3:16-17). மூன்று அரசர்களின் படை ஏதோமின் பாலைநிலத்தில் தண்ணீரின்றித் தவிக்கிறது. காற்றையும் காணமாட்டீர்கள், மழையையும் காணமாட்டீர்கள், ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வாய்க்கால்களை வெட்டுங்கள் என்று இறைவாக்கினர் சொல்கிறார். வெட்டினார்கள். மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. வறண்ட நிலத்தில் வாய்க்கால் வெட்டுகிறவனைப் பார்த்தால் அயலாருக்குச் சிரிப்பு வரும். ஆவணி வெயிலில் கொல்லையில் மேட்டுப்பாத்தி போடுகிறவர்களுக்கும் அந்தச் சிரிப்பு கிடைக்கும். கிடைக்கட்டும்.

மேட்டுப்பாத்தி பெரிய வித்தை அல்ல. மூன்றடி அகலம், பத்தடி நீளம். இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படக் கூடாது. பக்கத்தில் ஓரடி அகலத்துக்கு மண்ணை வெட்டிப் பாத்திமேல் போட்டால் பாத்தி உயரும், வாய்க்காலும் கிடைக்கும். இப்படி மூன்று பாத்தி, நான்கு வாய்க்கால் என்றால் 13 அடிக்கு 10 அடி, மொத்தம் 130 சதுர அடி. ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாய்க்கால்கள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்து, கொல்லையின் தாழ்ந்த மூலையில் முடிய வேண்டும். அந்த மூலையில் ஒரு வாழையை வைத்தால் வழிந்த தண்ணீரும் வீணாகாது. களிமண் பூமியில் பாத்தி ஓரடி உயரம் வேண்டும். மக்கிய சாணமும், கிடைத்தால் கொஞ்சம் மணலும் கலக்க வேண்டும். கடற்கரை மணலில் அரையடி போதும். ஆனால் அங்கே வேறு சிக்கல். போட்ட உரம் முதல் மழையிலேயே கீழே இறங்கிவிடும். எல்லா எருவையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடுங்கள்.

இடம் தெரிவு செய்வதில் பலரும் கவனிக்காத ஒன்று நிழல். ஆடி மாதம் நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேல், சற்று வடக்கே நிற்கிறது. அப்போது பார்த்தால் வீட்டின் வடக்குக் கொல்லை முழுவதும் வெயில். ஆகஸ்டு மாதக் கடைசியில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கத் தொடங்கும். டிசம்பரில் நண்பகலிலேயே அது தெற்கில் சாய்ந்திருக்கும். 20 அடி உயரச் சுவர் வடக்கே 13 அடிக்கு மேல் நிழல் போடும். ஆடியில் வெயில் கண்டு போட்ட பாத்தி மார்கழியில் இருட்டில் கிடக்கும். வடக்குக் கொல்லைதான் உண்டு என்றால் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். சுவரோரத்தைப் பொன்னாங்கண்ணிக்கும் வல்லாரைக்கும் விட்டுவிடுங்கள். அவை ஈரத்துக்கும் கொஞ்சம் நிழலுக்கும் அஞ்சாதவை.

இனி நாள் கணக்கு. இதைத் தலைகீழாகப் போட வேண்டும். விதைக்கும் நாளிலிருந்து அல்ல, காய் தேவைப்படும் நாளிலிருந்து. நவம்பர் 1, அனைத்துப் புனிதர் விழாவன்று கத்தரிக்காய் பறிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நட்ட நாளிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறக்குறைய 60 நாள். ஆகவே செப்டம்பர் முதல் நாள் நட வேண்டும். நாற்று வளர 30 முதல் 35 நாள். அப்படியானால் ஜூலைக் கடைசியில், பிந்தினால் ஆகஸ்டு முதல் வாரத்தில் நாற்று விட வேண்டும். அது ஆடி மாதம்! ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்னதன் பின்னே இந்தக் கணக்குதான் இருக்கிறது. மிளகாய் நாற்றுக்கு இன்னும் பத்து நாள் கூடுதலாக வேண்டும், நட்ட பிறகும் காய்க்கக் கொஞ்சம் சுணங்கும். அதனால் கத்தரிக்கு முன்பே அதை விட்டுவிடுவது நல்லது.

ஐரோப்பாவின் கத்தோலிக்க உழவர்கள் புனிதர்களின் திருநாட்களை வைத்தே விதைப்பையும் அறுப்பையும் நினைவில் வைத்திருந்தார்கள். நாமும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? ஆகஸ்டு 4, பங்குத்தந்தையரின் பாதுகாவலர் புனித ஜான் மரிய வியான்னியின் நினைவு நாள். கத்தரி நாற்று விட அதுவே கடைசி எல்லை. ஆகஸ்டு 29, வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடியேறும் நாள். அன்று வெண்டை விதையை நேரடியாகப் பாத்தியில் ஊன்றலாம். 45 நாளில், அக்டோபர் நடுவில் காய்க்கத் தொடங்கி நவம்பர் முடிய வரும். செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழாவன்று கொத்தவரை. அதுவும் நவம்பர் பிறக்கும்போது கைக்கு வந்துவிடும். பாதயாத்திரையாக வேளாங்கண்ணி போகிறவர்கள் ஒருநாள் முன்னதாக விதைத்துவிட்டுப் புறப்பட்டால் மாதா கோபித்துக்கொள்ளமாட்டார்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருக்கும் அதன்மேல்தான் ஆசை. நம் பகுதியில் மழைக்கு முன் தக்காளி நடாதீர்கள் என்பதே என் அறிவுரை. அடைமழையில் பூ உதிரும், பழம் வெடிக்கும், இலை கருகும், மண்ணில் படிந்த காய் அழுகும். நவம்பரில் குழம்புக்குப் புளி இருக்கிறது, அது போதும். தக்காளி நாற்றை நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளையொட்டி, மழை படாத தாழ்வாரத்தில் ஒரு தட்டில் விடுங்கள். டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார் விழாவை ஒட்டி, மழை ஓய்ந்த ஒரு மாலையில் நடுங்கள். பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவுக்கு முதல் பழம் சிவக்கும். பிறகு மார்ச் முடிய வரும்.

இடைப்பட்ட அடைமழை வாரங்களில் எதையும் புதிதாக விதைக்க வேண்டாம். சிறுகீரை, அரைக்கீரை விதைகள் மிகச் சிறியவை. ஒரே மழையில் அடித்துப் போய்விடும். கூரைக்கடியில் ஒரு பழைய தொட்டியிலோ அரிசிச் சாக்கிலோ கீரை போட்டால் அதுவே ஓரளவு கைகொடுக்கும். சந்தையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டின் தண்டுகளை ஆவணியில் ஊன்றி வைத்திருந்தால், மழை பெய்யப் பெய்ய அது படரும், காசில்லாக் கீரை. புடலைக்கும் பீர்க்கனுக்கும் உயரமான பந்தல் இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் தென்னைகளே நிற்கவில்லை; சவுக்குக் கழியில் கட்டிய பந்தலா நிற்கும்?

மழை விடத் தொடங்கியதும் இரண்டாம் விதைப்பு. நவம்பர் 30, புனித அந்திரேயா விழாவை ஒட்டி வெந்தயம் தூவினால் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கீரை அறுக்கலாம். முள்ளங்கி பொங்கல் கழிந்து சில நாளில் வரும். கொத்தமல்லி, பாலக், பீட்ரூட் ஆகியவற்றுக்கு மார்கழிக் குளிர் பிடிக்கும். காலிஃபிளவரை நம் சமவெளியில் முயன்று பார்க்க இந்த ஒரு பருவம்தான் உண்டு, அதுவும் எல்லா ஆண்டும் வாய்க்காது. கத்தரி இருந்த பாத்தியில் உடனே தக்காளியை நடாதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மண்ணில் தங்கி அடுத்ததைத் தாக்கும். கொத்தவரை இருந்த பாத்தியே தக்காளிக்கு ஏற்றது. அவரை இனத்துச் செடிகள் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து வைப்பவை. நிலத்துக்கு ஓய்வு தரச் சொன்ன லேவியர் நூலின் சட்டத்தை (லேவி 25:4) 130 சதுர அடியில் முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாதுதான். பாத்தியை மாற்றி மாற்றிப் பயிரிடுவதும் மண்ணை மதிக்கும் ஒரு வழியே.

எதை எவ்வளவு போடுவது என்பதை வீட்டில் சமைப்பவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆண்கள் ஆர்வத்தில் ஐம்பது கத்தரி நாற்று வாங்கி வந்துவிடுகிறார்கள். பத்தடிப் பாத்தியில் இரண்டடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை வைத்தால் பத்துச் செடி. ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். மிளகாய் ஆறு செடி போதும்.

விதை விஷயத்திலும் ஒரு சொல். கடையில் வண்ணப் பொட்டலத்தில் வரும் கலப்பின விதை நன்றாகவே காய்க்கும். ஆனால் அதிலிருந்து எடுத்து வைத்த விதை அடுத்த ஆண்டு தாயைப்போல் வராது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று காய்க்காத மலடு என்று சிதறும். ஏன் அப்படி என்பதை முதலில் விளங்கவைத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் பலர் அறியோம். அகுஸ்தீனார் சபைத் துறவி கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில் தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணிப் பார்த்து, 1865இல் தம் முடிவுகளை வாசித்தார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1900இல்தான் உலகம் விழித்தது. விதை எடுத்து வைக்க விரும்புகிறவர்கள் நாட்டு ரகங்களை, அல்லது பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளி போன்ற ரகங்களைத் தேடி வாங்குங்கள்.

பூச்சிக்கு மருந்து ஆனி, ஆடி மாதங்களில் வேப்பமரத்தடியில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. வேப்பங்கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். தேவைப்படும்போது 50 கிராம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, ஒரு லிட்டர் கரைசலாக்கி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். மழை பெய்தால் கழுவிப்போகும், மறுபடி தெளிக்க வேண்டும். சோம்பல்படாதீர்கள். இந்தக் காய் நம் பிள்ளைகள் உண்ணப்போவது.

திருவிவிலியத்தில் காய்கறித் தோட்டத்துக்காக ஒரு கொலை நடந்திருக்கிறது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது, அரண்மனைக்கு அருகில் ஒரு காய்கறித் தோட்டம் போடுவதற்காகவே (1 அர 21:2). கேட்டது சிறிய பொருள்; அதற்காக ஒரு குற்றமற்றவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார். தோட்டம் பற்றிப் பேசும்போது நிலம் யாருடையது, தண்ணீர் யாருடையது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. நம் பங்குகளில் கொல்லையே இல்லாத குடும்பங்கள் எத்தனை! புறம்போக்கில் ஒரு குடிசை, வாசலிலேயே சாலை. அவர்களிடம் போய் 130 சதுர அடிக் கணக்குச் சொல்வது கேலியாகிவிடும். அதே ஊரில் ஆலய வளாகத்தையோ சிமெண்ட் கல் பதித்து மூடி வருகிறோம். திருவிழாவுக்கு வசதி, சேறு இல்லை, பார்க்க அழகு. உண்மைதான். ஆனால் மழைத்தண்ணீர் இறங்க இடமில்லை, ஒரு கீரை முளைக்கவும் இடமில்லை. மேடைக்கும் வாகனத்துக்கும் தேவையானது போக மிஞ்சும் இடத்தில் ஓர் அன்பியத்துக்கு மூன்று பாத்தி என்று பிரித்துக் கொடுத்தால், நிலமில்லாத வீடுகளுக்கு நவம்பரில் காய் போகும். பங்குப் பேரவைகள் இதை ஜூன் மாதக் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும். அக்டோபரில் பேசினால் அடுத்த ஆண்டுக்குத்தான் ஆகும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'லவுதாத்தோ சி' திருமடலை வெளியிட்டார். செப்டம்பர் முதல் நாளைப் படைப்பின் பராமரிப்புக்கான இறைவேண்டல் நாளாக ஏற்படுத்தியதும் அதே ஆண்டில்தான். அன்று தொடங்கி அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸ் விழா வரை படைப்பின் காலம் என்று கொண்டாடுகிறோம். பல ஆலயங்களில் காணிக்கைப் பவனியில் காய்கறிக் கூடை வருகிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் கூடையில் இருப்பது பெரும்பாலும் முந்திய நாள் சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸும் கேரட்டும். கத்தரி நடும் நாள் செப்டம்பர் முதல் நாள் என்று மேலே கணக்கிட்டோம். அன்று காணிக்கைப் பவனியில் நாற்றுத்தட்டு வரட்டும். மந்திரித்து, அன்பியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மாலையில் நடலாம்.

பறிக்கும்போது இணைச்சட்ட நூலின் இன்னொரு கட்டளையும் நினைவிருக்கட்டும் (இச 24:19-21). அறுத்ததில் மறந்துபோன கட்டையும், கொடியில் மிஞ்சிய பழத்தையும் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது. அவை அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை. நம் சிறு தோட்டத்தில் இதை இப்படிச் செய்யலாம். பத்துக் கத்தரிச் செடியில் வேலியோரம் இருக்கும் ஒன்றைத் தெருப்பக்கம் சாயவிடுங்கள். யார் பறித்தார்கள் என்று விசாரிக்காதீர்கள்.

வாய்க்கால் வெட்டவும் நாற்று நடவும் உடம்பு இடங்கொடுக்காத முதியோருக்கு ஒரு பயிர் உண்டு. ஆவணியில் பனம்பழம் விழும். சதையைத் தின்ற பின் கொட்டைகளைப் பேரப்பிள்ளைகளை விட்டு மணல் மேட்டில் நெருக்கமாக அடுக்கி மூடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், மழை பார்த்துக்கொள்ளும். பொங்கலை ஒட்டித் தோண்டினால் பனங்கிழங்கு. அதே வாரத்தில் கத்தரிச் செடியில் நன்றாக முற்றிய இரண்டு காய்களைப் பறிக்காமல் மஞ்சளாகும்வரை விட்டுவிடுங்கள். விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, பொட்டலத்தின் மேல் 'ஆகஸ்டு 4' என்று எழுதி வையுங்கள்.